பினாங்குத் தைப்பூசம்: தண்ணீர்மலை செல்வோர் எங்கே உண்பது, எதைத் தவிர்ப்பது?

தைத் திங்கள் பிறந்துவிட்டால் வட சிலாங்கூர் ஆலயங்களில் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் எழுதப்படுவது வழக்கம். ஒன்று பத்துமலைக்குச் செல்லும் அன்பர்களின் பட்டியல். மற்றொன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் அன்பர்களின் பட்டியல். பத்துமலை நமக்கு அருகிலேயே இருந்தாலும், கலும்பாங், கெர்லிங், கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களிலும், மேற்கே பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் பகுதிகளிலும் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் சில, நேர்த்திக்கடனை முன்னிட்டுப் பினாங்கிற்குச் செல்வதைக் கைவிடவில்லை. லயங்கள் காலியாகி, மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றுவிட்ட இக்காலத்தில், பழைய தோட்டத்து மக்கள் ஒரே பேருந்தில் மீண்டும் ஒன்றாக அமர்வது இத்தகைய யாத்திரைகளில்தான்.

பெயர் கொடுக்க வரும் அன்பர்கள் ஆலயச் செயலாளரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். பேருந்து எத்தனை மணிக்கு? கட்டணம் எவ்வளவு? அங்கே சாப்பாட்டிற்கு என்ன வழி? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரு வரியில் பதில் கூறிவிடலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் ஒரு கட்டுரையே தேவைப்படுகிறது. பல ஆண்டுகளாக அன்பர்களை அழைத்துச் சென்ற அனுபவத்திலும், பினாங்குவாசிகளான உறவினர்கள் கூறிய அறிவுரைகளின் துணையோடும் அப்பதிலை இங்கே தருகிறோம்.

உலகம் புகழும் உணவும் விரதக்காரரும்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் 2008-ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கடற்கரையும் மலையும் கொண்ட அந்நகருக்கு வெளிநாட்டுப் பயணிகள் பலர் உணவுக்காகவே வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு சி.என்.என். நிறுவனம் வெளியிட்ட உலகின் சுவைமிகு உணவுகளின் பட்டியலில் பினாங்கு ஆசாம் லக்சாவுக்கு 7-ஆம் இடம் அளிக்கப்பட்டிருந்தது.

ஆயினும் விரதம் ஏற்று வரும் அன்பர்கள் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். உலகம் புகழும் பினாங்கு உணவுகளில் பெரும்பாலானவை விரதக்காரருக்கு ஆகாதவை. அதனால் பினாங்கில் பட்டினி கிடக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. விரதம் கெடாமல் வயிறார உண்பதற்கு நம் நாட்டில் பினாங்கைப் போல் வசதியான ஊர்கள் சிலவே உள்ளன. எங்கே செல்வது, என்ன கேட்பது என்பதை அறிந்திருந்தால் போதும்.

முதல் உணவு: கட்டுச்சோறு

கலும்பாங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு. தஞ்சோங் மாலிமில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் சாதாரண நாளில் நான்கு மணி நேரத்திற்குள் சென்றடையலாம். தைப்பூச விடுமுறைக் காலத்தில் இதே பயணம் ஆறு, ஏழு மணி நேரம் ஆவதும் உண்டு. எனவே முதல் வேளை உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.

நம் பெரியவர்கள் யாத்திரைக்குப் புளிச்சோறு கட்டிச் சென்றதற்குக் காரணம் உண்டு. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு வெப்பத்தில் எளிதில் கெடுவதில்லை. எலுமிச்சைச் சோறும் அவ்வாறே. தேங்காய்ப்பால் சேர்த்துச் சமைத்த சோறும் தேங்காய்ச் சட்டினியும் முதலில் கெட்டுவிடும். அதிகாலை மூன்று மணிக்குக் கட்டிய தேங்காய்ப்பால் சோற்றை நண்பகலில் பிரித்து உண்டு, மலையேற வேண்டிய நேரத்தில் வயிற்றுப்போக்கால் அவதியுற்ற அன்பர்களை நாம் கண்டிருக்கிறோம். தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் உள்ள ஓய்வுத்தலங்களில் இருக்கைகளும் தண்ணீர் வசதியும் உண்டு. அங்கே அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டபின் பயணத்தைத் தொடரலாம்.

இரயிலில் செல்ல விரும்புவோர் தஞ்சோங் மாலிமில் நின்று செல்லும் இ.டி.எஸ். இரயிலில் ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து படகில் தீவுக்குச் செல்லலாம். படகுத்துறையிலிருந்து இந்தியர் வணிகப் பகுதி நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது.

தண்ணீர்ப் பந்தலே தலைசிறந்த உணவகம்

தண்ணீர்மலைத் தைப்பூசம் மூன்று நாள் பெருவிழா. முதல் நாள் அதிகாலையில் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்பட்டு, நகர வீதிகளைக் கடந்து இரவில் தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நகரத்தார் ஆலயத்தை அடைகிறது. இவ்விரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894-ஆம் ஆண்டு கப்பலில் கொண்டுவரப்பட்டதாகும். குயின் வீதியிலுள்ள அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேல் ஏந்திப் புறப்படும் தங்க இரதம் 2017-ஆம் ஆண்டு முதல் உலா வருகிறது. இரண்டாம் நாள் தைப்பூசம். அன்று காவடிகளும் பால்குடங்களும் 513 படிகளேறி அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைகின்றன. மூன்றாம் நாள் வெள்ளி இரதம் கோயில் வீட்டிற்குத் திரும்புகிறது.

இம்மூன்று நாள்களிலும் தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலைகளின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைக்கப்படுகின்றன. தொழிற்சாலை ஊழியர்கள், வணிகர்கள், நண்பர் குழுக்கள், குடும்பத்தினர், முருகனிடம் நேர்ந்துகொண்ட சீன அன்பர்கள் எனப் பலரும் இவற்றை நடத்துகின்றனர். தயிர்ச்சோறு, சாம்பார்ச்சோறு, காய்கறி பிரியாணி, மீகூன், கடலைச் சுண்டல், மோர், பானகம் ஆகியவை அன்போடு வழங்கப்படும். நகரத்தார் ஆலயத்தில் பந்தி போசனம் நடைபெறுவதும் மரபாகும்.

பினாங்கில் எங்கே உண்ணலாம் என்று கேட்பவர்களுக்கு நமது முதற்பரிந்துரை இப்பந்தல்களே. இவற்றில் பரிமாறப்படுவது சைவ உணவு. ஊரறிந்த சமையற்காரர்கள் பெரிய அண்டாக்களில் சமைத்து, சுடச்சுட வழங்கும் உணவு. இவற்றிற்கும் மேலாக, அது பிறருடைய நேர்த்திக்கடன். நோய் தீர்ந்ததற்கோ, பிள்ளை பிறந்ததற்கோ, வேலை கிடைத்ததற்கோ நன்றியாக ஒருவர் அன்னதானம் செய்கிறார். நாம் கைநீட்டி வாங்கி உண்டால்தான் அவருடைய வேண்டுதல் நிறைவேறும். ஆகவே பந்தலில் உண்பதை இலவசச் சாப்பாடு என்று கருதிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதே காரணத்தினால் பந்தல் உணவை வீணாக்குவது சாதாரணக் குற்றமன்று. ஒரு பந்தலில் ஒரு பொட்டலம் வாங்கி, அதை முடிக்கும் முன்பே அடுத்த பந்தலில் இன்னொன்று வாங்கி, மலையடிவாரத்தை அடையும்போது கையில் நான்கு பொட்டலங்களோடு நிற்பவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அவற்றில் மூன்று குப்பைத் தொட்டிக்குச் செல்கின்றன. தொட்டி நிரம்பிவிட்டால் சாலையோரத்திற்குச் செல்கின்றன. தோட்டத்தில் அரிசியை அளந்து வாங்கிய காலத்தை அறிந்த மூத்தோர் இதைக் கண்டு மனம் வருந்துவது இயல்பே. எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். கையிலுள்ளதை முடித்த பின்னரே அடுத்ததை வாங்க வேண்டும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு தட்டும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துவர வேண்டும். பரிமாறுபவரிடம் "கொஞ்சம் போதும் ஐயா" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவ்விதியைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கடைத்தெருவின் சைவ உணவகங்கள்

முதல் நாள் இரதம் பார்த்துவிட்டு அமர்ந்து உண்ண விரும்புவோர் பினாங்கு வீதி, மார்க்கெட் வீதி, குயின் வீதி, கிங் வீதி ஆகியவை சூழ்ந்த பகுதிக்குச் செல்லலாம். இன்று 'லிட்டில் இந்தியா' என்று அழைக்கப்படும் இப்பகுதியில் மார்க்கெட் வீதியைப் பினாங்குத் தமிழர்கள் கடைத்தெரு என்றே வழங்கிவந்தனர். 1833-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மகா மாரியம்மன் ஆலயம் இங்கேதான் உள்ளது. அம்மனை வணங்கி வெளியே வந்தால் சாம்பார் மணம் நம்மை வரவேற்கும்.

பினாங்கு வீதியிலுள்ள உட்லண்ட்ஸ் சைவ உணவகமும் ஸ்ரீ ஆனந்த பவன் உணவகமும் யாத்திரிகர்களிடையே நெடுநாளாக அறியப்பட்டவை. தோசை, இட்லி, பூரி, வாழையிலைச் சாப்பாடு ஆகியவை கிடைக்கும். ஒரே பெயரில் அசைவப் பிரிவையும் சைவப் பிரிவையும் தனித்தனியாக நடத்தும் உணவகங்கள் இவ்வட்டாரத்தில் இருப்பதால், உள்ளே அமர்வதற்கு முன் எது சைவப் பிரிவு என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரதம் கடந்து சென்றவுடன் எல்லாரும் ஒரே வேளையில் உணவகங்களை நோக்கித் திரள்வார்கள். அந்நேரத்தில் மேசை கிடைப்பது அரிது. காலை உணவை இரதம் வருவதற்கு முன்னரும், நண்பகல் உணவைப் பதினொன்றரை மணிக்குள்ளும் முடித்துக்கொண்டால் முதியோர் நின்று தவிக்க வேண்டியிராது. நாற்பது பேர் கொண்ட குழுவாகச் சென்றால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைப்பது உணவகத்தாருக்கும் உதவியாக இருக்கும்.

சீனர்களின் சைவக் கடைகள்

நம் அன்பர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வசதி பினாங்கில் உண்டு. அங்கே சீன பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் ஏராளம். சீனர்களில் பக்தியுடையோர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பது வழக்கம். பதினைந்தாம் நாள் என்பது பௌர்ணமியை ஒட்டியது. நமது தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-இல் தைப்பூசம் வந்தபோது, மறுநாளே சீனர்களின் சாப் கோ மே திருநாள் வந்தது. ஆக, நாம் விரதமிருக்கும் அதே சமயத்தில் அவர்களில் பலரும் சைவம் உண்பதால் அக்கடைகளில் புதிதாகச் சமைத்த உணவு நிறையக் கிடைக்கும்.

இத்தகைய கடைகள் பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. கடும் விரதம் ஏற்றவர்களுக்கு இது மிகவும் பொருத்தமானது. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்து மீனைப் போலவும் கோழியைப் போலவும் வடிவமைக்கப்பட்ட உணவுகளைக் கண்டு திகைக்க வேண்டாம். அவற்றை விரும்பாதவர்கள் காய்கறிகளையும் தௌவையும் மட்டும் கேட்டு வாங்கலாம். சில கடைகளில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹொக்கியன் மொழியில் "ச்சியா சாய்" என்றால் சைவம் உண்பவர் என்று பொருள். இவ்விரு சொற்களைச் சொன்னால் பினாங்கின் முதிய சீன வணிகர்கள் முகமலர்ந்து உதவுவார்கள்.

அங்காடிக் கடைகளில் கேட்டு உண்பீர்

இனி, ஏமாற்றம் நேரக்கூடிய இடத்திற்கு வருவோம். பினாங்கின் அங்காடிக் கடைகள் புகழ்பெற்றவை. மாலையில் கர்னி கடற்கரையோரத்திலும் பாடாங் கோத்தா லாமாவிலும் விளக்கொளியில் அக்கடைகளைக் காணும்போது எவருக்கும் ஆவல் எழும். ஆனால் பார்வைக்குச் சைவமாகத் தோன்றும் பல உணவுகள் சைவமல்ல.

ஆசாம் லக்சா: 'ஆசாம்' என்பது புளியைக் குறிப்பதால் இது நம் புளிக்குழம்பு போன்றது என எண்ணுவோர் உண்டு. இதன் சாறு கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்துச் செய்யப்படுவது. மேலே ஊற்றப்படும் கருநிற விழுது இறாலில் செய்யப்படும் ஹேகோ ஆகும்.

பழ ரொஜாக்: வெட்டிய பழங்கள்தானே என்று வாங்கிவிடக்கூடாது. பழங்களின்மீது பிசறப்படும் கருநிறக் குழம்பில் அதே இறால் விழுது கலந்துள்ளது. குழம்பில்லாமல் வெறும் பழங்களாகக் கேட்டால் தருவார்கள்.

சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ: முன்னதில் இறாலும் சிப்பியும் சேர்வதோடு, பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுக்கப்படுகிறது. பின்னதன் சாறு இறால் தலையிலும் பன்றி எலும்பிலும் காய்ச்சப்படுவது. காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் சாறும் கொழுப்பும் மாறுவதில்லை.

பசெம்போர்: வெள்ளரிக்காய், செங்குவாங், உருளைக்கிழங்கு, தௌவு, மாவுப் பலகாரங்கள் ஆகியவற்றின்மீது இனிப்பும் காரமும் கலந்த குழம்பை ஊற்றித் தருவது. இதை நாமே தட்டில் எடுத்துப்போட முடியும். இறால் வடை, கணவாய், முட்டை ஆகியவற்றைத் தவிர்க்கலாம். ஆயினும் எல்லாவற்றையும் வெட்டும் கத்தியும் பலகையும் ஒன்றே என்பதால் விரதக்காரர் இதைத் தவிர்ப்பதே நலம்.

ரொட்டி சானாய்: பருப்புக் குழம்போடு உண்பதில் குறையில்லை எனத் தோன்றும். சில கடைகளில் பருப்புக் குழம்பின்மீது மீன் குழம்பையும் சிறிது ஊற்றுவது வழக்கம். "பருப்பு மட்டும்" என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

இவ்விவரங்களை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு நிகழ்ச்சி காரணமாகும். எங்கள் பேருந்தில் சில ஆண்டுகளுக்கு முன் வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் பாட்டியின் உடல்நலத்திற்காக 21 நாள் விரதமிருந்து முதன்முதலாகப் பால்குடம் எடுக்க வந்திருந்தான். மலையேறுவதற்கு முந்திய மாலையில் மற்றப் பிள்ளைகளோடு ஓர் அங்காடிக் கடைக்குச் சென்று, புளிச்சாறுதானே என்று லக்சாவை உண்டுவிட்டான். பாதிக் கிண்ணம் முடிந்த பிறகே மீன் உதிரி கண்ணில் பட்டது. அன்றிரவு அவனும் உறங்கவில்லை; பாட்டியும் உறங்கவில்லை. பால்பண்ட் கட்டியதுபோல் முகம் இறுகி, "பாட்டிக்கு ஏதும் ஆகிவிடுமா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். விடியற்காலையில் மூத்த குருக்கள் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அறியாமல் நேர்ந்ததை ஆண்டவன் குற்றமாகக் கொள்ளமாட்டான், நீராடி மன்னிப்பு வேண்டிக் குடத்தை எடு என்று அவர் ஆறுதல் கூறிய பின்னரே சிறுவன் தெளிந்தான். பால்குடம் மலையேறியது, பாட்டியும் உடன் ஏறினார். ஆயினும் அந்த ஓர் இரவின் வேதனை ஒரு கேள்வி கேட்டிருந்தால் நேர்ந்திராது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவே. பெரியவர்களாகிய நாம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லித்தரவும் இல்லை.

நாசி கண்டாரும் காவடியும்

பினாங்கு என்றதும் பலர் நினைவிற்கு வருவது நாசி கண்டார். இது நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் பினாங்கிற்கு அளித்த கொடை. முற்காலத்தில் ஒரு கழியின் இருமுனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றனர். அத்தோள்கழிக்குத்தான் 'கண்டார்' என்று பெயர். காவடி என்பதும் அடிப்படையில் இருபுறமும் சுமை தொங்கும் தோள்கழியே. இடும்பன் இரு மலைகளைச் சுமந்து வந்ததும் அப்படித்தான். ஒரே வகைக் கழியில் ஒருவர் உழைப்பாளிகளின் பசிக்குச் சோறு சுமந்தார்; மற்றொருவர் இறைவனுக்குக் காணிக்கை சுமந்தார் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் விரதக்காலத்தில் நாசி கண்டார் கடைகளைத் தவிர்க்க வேண்டும். பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவதே அதன் சிறப்பு. அவற்றுள் மாட்டிறைச்சிக் குழம்பும் இருக்கும் என்பதால், விரதம் இல்லாத இந்துக்களும் கேட்டறிந்தே உண்ண வேண்டும். கேட்டால் கடைக்காரர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

வெயிலுக்கு ஏற்றவையும் இனிப்பு நீர் உள்ளோரும்

பினாங்கு வெயிலில் காவடியுடன் நடந்து வருவோருக்கு நீர் மிகவும் அவசியம். இளநீரும் மோரும் முதலிடம் பெறுபவை. பினாங்கிற்கே உரிய சாதிக்காய்ச் சாறு தாகத்தைத் தணிக்கும். இனிப்பை விரும்புவோருக்குச் செண்டோல் உண்டு. பாண்டான் இலையின் பச்சை நிறம் கொண்ட மாவு இழைகள், தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்புப் பயறு ஆகியவை சேர்ந்த இதில் அசைவம் ஏதுமில்லை. பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ சந்தில் 1936-ஆம் ஆண்டு முதல் செண்டோல் விற்கப்பட்டு வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இது மிக அதிகம். பந்தல்தோறும் வழங்கப்படும் ரோஜாப்பாகு, பானகம், மைலோ ஆகிய யாவும் சர்க்கரை மிகுந்தவை. ஐந்து பந்தல்களில் ஐந்து குவளை அருந்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், காலையிலிருந்து ஏதும் உண்ணாமல் மாத்திரையை மட்டும் விழுங்கி 513 படிகள் ஏறுவதும் மயக்கத்தை உண்டாக்கும். இந்நோயுள்ளோர் விரதம் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். படியேறும்போது மடியில் வாழைப்பழமும் சிறிது கற்கண்டும் வைத்திருக்க வேண்டும். பந்தல் நடத்தும் பெருமக்களும் சர்க்கரை சேர்க்காத மோருக்கும் வெறும் தண்ணீருக்கும் தனி இடம் ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும்.

கடற்கரைக்குச் செல்வோர் கவனத்திற்கு

மலையிறங்கியதும் பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்பார்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து 101 எண் பேருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை செல்கிறது. தெலுக் பஹாங்கில் ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் ஆலயம் உள்ளது. மாசி மகத்தன்று கடலில் தெப்பம் மிதக்கவிடும் பெருவிழா அங்கே நடைபெறும். தைப்பூசத்திற்குச் செல்ல இயலாதவர்கள் மாசி மகத்திற்குச் செல்லலாம். அவர்களுக்கும் மேற்கூறிய உணவுக் குறிப்புகள் பொருந்தும்.

கடற்கரையோர உணவகங்கள் பலவும் மீன், நண்டு, இறாலுக்குப் பெயர்பெற்றவை. காவடியும் பால்குடமும் செலுத்திவிட்டோம், விரதம் முடிந்தது என்று எண்ணி, அன்று மாலையே அங்கே அமர்ந்துவிடுவோர் உண்டு. நம் மரபில் பெரும்பாலோருக்கு இடும்பன் பூசை முடிந்த பின்னரே விரதம் நிறைவடைகிறது. காவடி செலுத்திய மூன்றாம் நாள் இப்பூசையைச் செய்வது வழக்கம். 21 நாளோ 48 நாளோ காத்த விரதத்தைத் திரும்பும் வழியில் தளர்த்திவிட வேண்டாம். கடற்காற்றை வாங்க விரதம் தடையன்று. கொண்டுசென்ற சுண்டலையும் வெட்டிய பழங்களையும் மணலில் அமர்ந்து உண்டாலும் பிள்ளைகள் மகிழ்வார்கள். விரதமில்லாத அன்பர்கள் தாராளமாக மீன் உண்ணலாம். ஆனால் ஒரே குழுவில் வந்திருந்தால் விரதக்காரரின் கண்ணெதிரே உண்ணாமல் சற்றுத் தள்ளி அமர்வது பண்பாகும்.

வீட்டிற்கு வாங்கிச் செல்லும் பண்டங்களிலும் கவனம் தேவை. பினாங்கின் புகழ்பெற்ற பயற்றம் பிஸ்கட்டுகளைச் சில தயாரிப்பாளர்கள் பன்றிக் கொழுப்பு சேர்த்தும், வேறு சிலர் தாவர எண்ணெயில் மட்டும் பிசைந்தும் செய்கின்றனர். பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, சைவம் என்று குறிப்பிட்டுள்ளதை வாங்கலாம். ஊறவைத்த சாதிக்காயும் வீட்டிலுள்ளோருக்கு ஏற்ற பரிசு.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வாண்டு தண்ணீர்மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு குழுவும் உணவுக்கென ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விரதக்காரர் எத்தனை பேர், இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உள்ளோர் யார் யார், முதன்முறை விரதமிருக்கும் பிள்ளைகள் எவர் என்பதை அவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்து புறப்பட்டவுடன் மேற்கூறிய உணவு விவரங்களை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினால் போதும். பத்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

கேட்டு உண்போம், அளவோடு வாங்குவோம், வாங்கியதை மிச்சமின்றி உண்போம். அன்னமிட்டவரை வாயார வாழ்த்துவோம். தண்ணீர்மலை வாழ் பாலதண்டாயுதபாணியின் திருவருள் அன்பர்கள் அனைவர்க்கும் கிட்டுவதாக.